காயா நடுமுன் புதரில் கை வைக்காதீர்கள்

புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் மழை நெருங்கினால் காயா நாற்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள். நல்லதுதான். சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்குரிய குறுமரம் அது. கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாக நீலப்பூ பூத்து நிற்கும்போது, பெருமாளை ஏன் காயாம்பூ வண்ணன் என்றார்கள் என்பது தெரியும். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தண்ணீர் ஊற்ற மறப்பது, ஆட்டுக்குக் கொடுத்துவிடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை; அதை ஒரு கோடையே சொல்லிக்கொடுத்துவிடும்.

இடத்தைச் 'சுத்தம்' செய்வது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஜேசிபியை விட்டுக் காரை, களா, சூரை, சங்கஞ்செடி என்று முள்புதர் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, மொட்டைச் செம்மண்ணில் கயிறு பிடித்து நடுகிறார்கள். அந்தக் காட்டில் கன்று அப்படியா முளைக்கிறது? கொண்டைக்குருவி போன்ற பறவைகள் பழத்தைத் தின்றுவிட்டு முள்புதரில் வந்து உட்காரும். எச்சத்தோடு விதை விழும். மேலே நிழல், கீழே சருகு, சுற்றிலும் முள். நாம் செலவழித்துப் போடும் வேலியையும் பந்தலையும் களா சும்மா போட்டுத்தருகிறது.

ஒரு கோயில்காட்டில் கும்பாபிஷேகத்துக்காக அடிக்காட்டை மழித்தார்கள். பெரிய மரங்களைத் தொடவில்லையே என்று சமாதானம் வேறு. வெட்டிப்போட்ட களாவைப் புரட்டினால் அடியோடு அறுபட்ட காயாக் கன்றுகள். முழங்கால் உயரம்கூட இல்லை; தண்டு பென்சில் கனம், எதிரெதிராகத் தடித்த, பளபளப்பான இலைகள். இந்த மரத்துக்கு அந்தக் கனம் வரவே பல வருஷம் ஆகும். அப்புறம் அதே இடத்தில் புங்கனும் வேம்பும் காசு கொடுத்து வாங்கி நட்டார்கள்!

புதர் இருந்தால் கன்றுக்கு மட்டும் இடம் ஒதுக்கிக் குழி எடுங்கள். ஏற்கெனவே வழித்தாயிற்றா? சரி, முதலில் களாவும் காரையும் நடுங்கள். அவை அடர்ந்தபின் காயாவை உள்ளே கொண்டுபோங்கள்.

சருகைக் கூட்டி எரிப்பது

வேண்டாம்.

விதையைக் காயவைப்பது

பழம் கறுத்ததும் பறித்து, சதையைக் கழுவி, உடனே நிழலில் விதையுங்கள்.

ஆடியில் நடுவது

ஆடிப்பட்டம் வயலுக்கு. இந்தக் கடற்கரைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். புரட்டாசிக் கடைசியில் மண் நன்றாக நனைந்தபின் நட்டால், நீண்ட வெயில் காலத்துக்கு முன் வேர் பிடித்துக்கொள்ளும்.

தேக்கு, மகோகனியோடு கலப்பது

காயாவின் கூட்டாளிகள் வீரை, உலக்கைப்பாலை போன்றவை. புத்துப்பட்டு ஐயனார் காட்டுக்கோ கோடியக்கரைக்கோ போய், எது எதன் நிழலில் நிற்கிறது என்று ஒரு பகல் பாருங்கள். நாற்றுப் பட்டியலை அப்புறம் எழுதலாம்.