செனாத்துஸ்னா மேலவை இல்லங்க

ரோம் வரலாறு பத்தி தமிழ்ல எழுதுறவங்க நிறைய பேர் செனாத்துஸ்ங்கிற லத்தீன் வார்த்தைக்கு மேலவைன்னு போட்டுட்டு போயிடுறாங்க. தயவுசெஞ்சு இத விட்டுடுங்க. மேலவைன்னா கீழவைன்னு ஒண்ணு இருக்கணும்ல, ரோம்ல அப்படி ரெண்டு அவை உள்ள பார்லிமெண்ட்டே கிடையாது. செனெக்ஸ்னா வயசானவர், அதுலருந்து வந்ததுதான் செனாத்துஸ், அதனால மூத்தோர் சபைன்னு எழுதலாம், இல்ல செனட்னே எழுதிடலாம், எல்லாருக்கும் புரியும்.

இதவிட பெரிய தப்பு "செனட் சட்டம் போட்டுச்சு"ன்னு எழுதுறது. பேரரசர்கள் வர்றதுக்கு முன்னாடி இருந்த குடியரசு காலத்துல சட்டம் நிறைவேத்துறது மக்கள் கூட்டங்களோட வேலை. செனட் குடுத்தது செனாத்துஸ் கொன்சுல்தும், அதாவது ஆலோசனை. கன்சல், அதாவது வருஷா வருஷம் தேர்ந்தெடுக்குற ரெண்டு தலைவர்கள்ல ஒருத்தர், சபையக் கூட்டி விஷயத்த முன்னாடி வைப்பார், பெரிய பதவில இருந்தவங்கள்ல ஆரம்பிச்சு வரிசையா கருத்து கேப்பார், கடைசில ஆதரிக்கிறவங்க ஒரு பக்கம் எதிர்க்கிறவங்க இன்னொரு பக்கம்னு நடந்து போய் நிப்பாங்க. அத்தன பேர் சேந்து எடுத்த முடிவையும் மக்களோட பிரதிநிதியான ட்ரிப்யூன் ஒரே ஒருத்தர் வீட்டோ பண்ணி நிறுத்திடலாம். அப்புறம் எப்படி அவ்ளோ செல்வாக்குன்னா, கஜானா, வெளிநாட்டுத் தூதர்கள், எந்த மாகாணம் எந்தப் பதவிக்குன்னு எல்லாம் அவங்க கைல, அதோட உள்ள இருக்குற பெரும்பாலானவங்க ஏற்கனவே பதவி வகிச்சவங்க, ஒரே வருஷம் பதவில இருக்குற கன்சல் அவங்கள பகைச்சுக்க ரொம்பவே யோசிப்பார்.

செனட்டுக்கு நேரடித் தேர்தலும் இல்ல. உறுப்பினர் பட்டியல் போடுறது குடிமக்கள் கணக்கெடுக்குற சென்சார்ங்கிற அதிகாரியோட வேலையா இருந்துச்சு, சர்வாதிகாரி சுல்லா வந்தப்புறம் குவெஸ்டர்ங்கிற நிதி அதிகாரி பதவிக்கு ஜெயிச்சவங்க தானா உள்ள வந்தாங்க. 300 பேர் இருந்த சபை அவர் காலத்துல 600 பக்கம் போச்சு, சீசர் 900 ஆக்குனார்.

கூரியாவையும் செனட்டையும் குழப்பிக்காதீங்க. ரோம்ல கூரியான்னா செனட் கூடுற கட்டடம். கிமு 44ல சீசர் குத்துப்பட்டது ஃபோரம்ங்கிற ஊர் நடுச் சதுக்கத்துல இருந்த கூரியாலன்னு எழுதுறாங்க, இல்ல, பாம்பேங்கிற ரோமானியத் தளபதி கட்டுன தியேட்டரோட சேந்த மண்டபத்துல. ஃபோரம்ல சீசர் ஆரம்பிச்ச புது கூரியா அப்ப முடியவே இல்ல, கிமு 29ல அகஸ்டஸ்தான் முடிச்சார், இப்ப அங்க நிக்கிறது பின்னாடி வந்த பேரரசர் டயோக்ளீஷியன் காலத்துல திரும்பக் கட்டுனது.

ரோம் சின்னங்கள்ல வர்ற எஸ்பிக்யூஆர் (SPQR)ங்கிறத நாலு தனித்தனி சொல்லுன்னு பிரிக்கிறதும் தப்பு. செனாத்துஸ் பொபுலுஸ்க்வே ரோமானுஸ், அதுல க்வே நம்ம "உம்" மாதிரியே முந்தின சொல்லோட ஒட்டிக்கும்: செனட்டும் ரோம் மக்களும்.

சர்ச்ல மரியாயின் சேனைங்கிற கத்தோலிக்க இயக்கத்துல இருக்குறவங்களுக்கு இந்தப் பேரெல்லாம் பழக்கம், ஆனா அங்க அர்த்தம் வேற. 1921ல டப்ளின்ல ஆரம்பிச்ச இயக்கம் ரோம்லருந்து பேர மட்டும் எடுத்துக்கிச்சு, அங்க கூரியாவே ஒரு சபை, செனாத்துஸ் அதுக்கு ரொம்ப மேல, ஆனா அதுவும் உச்சி இல்ல, எல்லாத்துக்கும் மேல டப்ளின்ல கொன்சிலியும்ங்கிற தலைமைச் சபை இருக்கு.