பிளாஷ் பேட்டரி சூடானால்: நாலில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பது எப்படி?

என் கேமரா பிளாஷில் போடுவது திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நாலு ஏஏ (AA) பேட்டரிகள். இரவு முழுக்க சார்ஜ் போட்டு எடுத்துப் போனாலும் முப்பது படத்துக்குள் பிளாஷ் திணறும், ரெடி விளக்கு எரியப் பதினைந்து விநாடி ஆகும், கதவைத் திறந்தால் ஒரு பேட்டரி மட்டும் கொதிக்கும். பிளாஷே போச்சு என்று நினைத்தேன். இல்லை.

முதலில் எல்லாம் ஆறட்டும். மேலுறை கிழிந்த பேட்டரி இருந்தால் தனியே ஒதுக்குங்கள், அதை இனி பயன்படுத்த வேண்டாம். மற்றவற்றில் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள். பிளாஷின் உலோக முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். நான் கோட்டைவிட்டது இங்கேதான். சார்ஜரிலிருந்து எடுத்ததும் அளந்தேன், நாலும் 1.4 வோல்ட் காட்டின, சரி, பேட்டரியில் குறையில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். சும்மா இருக்கும்போது கெட்ட செல்லும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். வேலை வாங்கிவிட்டு அளக்க வேண்டும்: பிளாஷை மேனுவல் மோடில் ஃபுல் பவரில் வைத்து, ஒவ்வொரு முறையும் ரெடி விளக்குக்குக் காத்திருந்து பத்து முறை அடியுங்கள், அதற்குள் சூடேறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உடனே கழற்றி அளந்து பாருங்கள், ஐந்து நிமிடம் விட்டால் வோல்ட் மறுபடி ஏறி ஏமாற்றிவிடும். எனக்கு மூன்று செல்கள் 1.25 பக்கம் நின்றன, 3ஆம் எண் 0.9.

நாலும் வரிசையாக இணைந்திருப்பதால் ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றிலும் ஓடும். பலவீனமானது முதலில் காலியாகும், மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சூடு அங்கிருந்துதான்.

அப்புறம் சார்ஜர். ஜோடி ஜோடியாக ஏற்றுவதைத் தூக்கிப் போடுங்கள், ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனிப்பதுதான் எனக்குப் பிடித்தது. பேட்டரியில் 2500 எம்ஏஎச் (mAh, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று ஆசைப்படுவதை விட எனிலூப் பிராண்ட் போல 2000 அளவில், வைத்திருந்தாலும் சீக்கிரம் வடியாத வகையே மேல். நாலையும் ஒன்றாக வாங்கி ஒன்றாகவே மாற்றுங்கள்.

நல்ல பேட்டரியும் ஃபுல் பவரில் விடாமல் அடித்தால் சூடாகத்தான் செய்யும். கேமராவில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 100இலிருந்து 400க்கு ஏற்றினால் கால்வாசி பவரே போதும்.

பின்சேர்க்கை: அதே அளவில் இருக்கிறதே என்று 14500 லித்தியம் செல் போடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கூடவே கூடாது. ஒன்று 3.7 வோல்ட், நாலு சேர்ந்தால் 14.8. பிளாஷ் எதிர்பார்ப்பது 6 வோல்ட்டுக்குள். இன்னொருவர் பிளாஷையே பிரித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், ஆஃப் செய்தாலும் உடனே போகாது, அதைத் தொடாதீர்கள்.