நிலத்தோடு நிலமாக ஒரு பங்கர்: மெக்கன்சி வழி

போரில் பதுங்கும் குழிக்கும் கோல்ஃப் மைதானத்து மணல்குழிக்கும் பங்கர் என்றே பெயர். இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் அலிஸ்டர் மெக்கன்சி. போயர் போரில் பிரிட்டிஷ் படை மருத்துவராகத் தென்னாப்பிரிக்கா போன அவர், டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள் தம் குழிகளை நிலத்தோடு மறைத்த விதத்தைக் கவனித்தார். பிற்பாடு அமெரிக்காவின் சைப்ரஸ் பாயின்ட், ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் மைதானங்களை அவர் வடிவமைத்தபோது அந்தப் பாடம் உதவியது.

அவர் வழியில் ஒரு பங்கர் அமைக்க, முதலில் இடம். முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்று, பந்தைப் போட வேண்டிய சிறுதுளை உள்ள புல்தரையான கிரீனுக்குப் போக மிகச் சாதகமான பாதை எது என்று பாருங்கள். பங்கர் அதன் ஓரத்தில் இருக்க வேண்டும். அதை ஒட்டி அடிப்பவருக்குக் கிரீன் திறந்து கிடைக்கும். ஒதுங்கி அடிப்பவருக்குத் தாராளமான அகலம் உண்டு, ஆனால் அடுத்த அடி கடினம். அந்த அகலம் இல்லாவிட்டால் அது வெறும் தண்டனைக் குழி. பங்கர்கள் நிறையத் தேவையில்லை: அவர் வடிவமைப்பில் 1933-ல் திறந்த அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் இருந்தவை 22 அளவில்தான்.

தோண்டிய மண்ணைக் கிரீன் பக்கமே போடுங்கள். ஆட்டக்காரருக்குக் குழியின் முகம், அதாவது அவரை நோக்கிய சரிவு, மட்டும் தெரியும். கரை 1 மீட்டர் உயர்ந்தால் பின்சரிவை 6 முதல் 8 மீட்டர் வரை இழுத்துத் தரையோடு கரைத்துவிடுங்கள். சரிவைக் குறுக்கினால் கரை குவித்த மேடாகத் துருத்தும். புல்வெட்டியும் உச்சியைச் சிரைத்துவிடும். விளிம்பை வட்டமாக வெட்டாமல், புல்லை அங்கங்கே நாக்குப்போல் உள்ளே விடுங்கள்.

பெரும்பாலான பங்கர்களைக் கெடுப்பது தண்ணீர். மேட்டுப் பக்கம் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டி, வெளிநீரைச் சுற்றிவிடுங்கள். அடியில் சரளை நிரப்பிய பள்ளத்தில் 4 அங்குலத் துளைக்குழாய். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் போதும். குழாய்க்குத் துணி சுற்றாதீர்கள், வண்டல் அடைத்துக்கொள்ளும். மணல் தளத்தில் 10 முதல் 15 செ.மீ., முகத்தில் 5 செ.மீ. உருண்டையான மணல்மணியில் பந்து புதையும், முனைகளுள்ள கோணல் மணிதான் தாங்கும்.

ராயல் மெல்போர்னில் முகத்தின் மேல்வரை மணல் ஏறி நிற்பதைப் பார்த்து ஆசைப்படுபவர் பலர். அங்கே நிலமே மணல். களிமண்ணில் அப்படிச் செய்தால் ஒவ்வொரு மழைக்கும் மணல் இறங்கும், அடிமண் கலந்து வடிகாலும் அடைபடும். களிமண் நிலத்தில் மணலைத் தாழ்வாக நிறுத்தி, முகத்தில் புல் பதியுங்கள்.

மணல் கொட்டுமுன் ஹோஸைத் திறந்துவிடுங்கள். நீர் தேங்கும் இடத்தில் வாட்டத்தைத் திருத்த அதுதான் கடைசி வாய்ப்பு.