ஸ்டுடியோவில் 1 நொடி, ஜாவாவில் 40 நொடி: ப்ரொசீஜர் எங்கே திணறுகிறது?

எஸ்க்யூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சட்டென்று முடியும் ஸ்டோர்டு ப்ரொசீஜர் (டேட்டாபேஸிலேயே சேமித்து வைத்த குவெரித் தொகுப்பு), ஜாவாவிலிருந்து அழைத்தால் மட்டும் இழுத்தடிக்கிறதா? கோடில் கை வைக்கும் முன் நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

ஜாவாவில் நேரம் அளக்கும் சிஸ்டம் நானோடைம் வைத்து மூன்று துண்டுகளாக அளந்தால் போதும்: பூலிலிருந்து (திறந்து தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) கனெக்‌ஷன் கைக்கு வரும் வரை, எக்ஸிக்யூட் முடியும் வரை, ரிசல்ட்செட்டின் கடைசி வரியைப் படிக்கும் வரை.

முதல் துண்டு நீண்டால் பூல் வறண்டுவிட்டது. ஹிகாரி என்ற பூல் லைப்ரரியில் நாம் எதையும் மாற்றாவிட்டால் 10 கனெக்‌ஷன்தான். கிடைக்காத த்ரெட் 30 நொடி காத்திருந்து பிழையோடு திரும்பும். அளவைக் கூட்டும் முன், லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டை 20000 மில்லிநொடி என்று வையுங்கள். கனெக்‌ஷனை வாங்கிவிட்டுத் திருப்பித் தராத இடத்தின் ஸ்டாக் ட்ரேஸ் லாகில் வந்து விழும்.

நடுத்துண்டுதான் பலரையும் சுற்றவைப்பது. ப்ரொசீஜர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சர்வரில் இப்போது ஓடும் வேலைகளைக் காட்டும் சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸைப் பாருங்கள். பிளாக்கிங் செஷன் ஐடி பூஜ்யமாக இல்லாமல், வெயிட் டைப் எல்சிகே_எம் என்று தொடங்கினால் வேறொரு செஷனின் பூட்டில் மாட்டியிருக்கிறது. அந்த ட்ரான்ஸாக்‌ஷனைத் தேடிப் போங்கள்.

பூட்டு இல்லையென்றால் சந்தேகம் பிளான் மீது, அதாவது குவெரியை எப்படி ஓட்டுவது என்று சர்வர் வகுத்த திட்டத்தின் மீது. ஸ்டுடியோ அரித்அபார்ட்டை (கணக்குப் பிழை வந்தால் குவெரியை நிறுத்தும் செட்டிங்) ஆன் செய்துதான் இணைகிறது. ஜாவாவை டேட்டாபேஸோடு இணைக்கும் ஜேடிபிசி டிரைவர் அப்படிச் செய்வதில்லை. செட்டிங் வேறானால் சர்வர் தனித்தனி பிளான் வைத்துக்கொள்ளும். ஆக, நீங்கள் ஸ்டுடியோவில் சோதித்தது ஜாவா பயன்படுத்தும் பிளானையே அல்ல. ஜாவாவின் முதல் அழைப்பு ஒரே ஒரு நாளின் தரவைக் கேட்டிருக்கும். சில வரிகளுக்கு ஏற்ற நெஸ்டட் லூப் பிளான் கேஷில் உட்கார்ந்துவிடும். அடுத்து ஓராண்டுத் தரவு கேட்டாலும் அதே பிளான்தான், லட்சக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகத் தேடும்.

உறுதிசெய்ய, ஸ்டுடியோவில் செட் அரித்அபார்ட் ஆஃப் கொடுத்து அதே மதிப்புகளோடு ஓட்டுங்கள். அங்கும் மெதுவானால் பிடிபட்டது. தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் புதுப்பியுங்கள், தீராவிட்டால் சிக்கலான அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கு மட்டும் ஆப்ஷன் ரீகம்பைல் (ஓடும் ஒவ்வொரு முறையும் புதுப் பிளான்). நொடிக்கு நூறு முறை ஓடும் ப்ரொசீஜரில் இது சிபியுவைத் தின்னும், கவனம். ப்ரொசீஜருக்குள் அரித்அபார்ட் ஆன் என்று எழுதியதும் சரியாகிவிட்டது என்பார்கள். ப்ரொசீஜரை ஆல்ட்டர் செய்ததில் (மாற்றி எழுதியதில்) பழைய பிளான் போய்விட்டது, அவ்வளவுதான். சில நாளில் சிக்கல் திரும்பி வரும்.

டிரைவர் சரங்களை யூனிகோடாக அனுப்புவதையும் குறை சொல்வதுண்டு. நேரடிக் குவெரிக்கு அது பொருந்தும். ப்ரொசீஜரிலோ, மதிப்பு உள்ளே நுழையும்போதே அறிவித்த பாராமீட்டர் வகைக்கு மாறிவிடும். எனவே பார்க்க வேண்டியது அறிவிப்பை: டேபிளின் நெடுவரிசை வார்கார், பாராமீட்டர் என்வார்கார் (யூனிகோட் வகை) என்றிருந்தால் இன்டெக்ஸில் நேராகத் தேடும் சீக், முழுவதையும் படிக்கும் ஸ்கேனாக மாறக்கூடும்.

கடைசித் துண்டு நீண்டால், சர்வரில் ஏசிங்க்_நெட்வொர்க்_ஐஓ என்ற வெயிட் தெரியும். சர்வர் அனுப்பத் தயார், ஜாவாதான் மெதுவாக வாங்குகிறது. வரிகளைப் படிக்கும் லூப்புக்குள் வேறு சர்வீஸை அழைக்கும் வேலை இருந்தால் வெளியே எடுங்கள்.

கூடவே இரண்டு சின்ன வேலை. ப்ரொசீஜரின் தலையில் செட் நோகவுண்ட் ஆன் (பாதித்த வரி எண்ணிக்கையை அனுப்பாதே என்பது) இருக்கட்டும். ஜாவாவிலிருந்து ப்ரொசீஜரை அழைக்கும் காலபிள் ஸ்டேட்மென்ட்டில் பாராமீட்டரைப் பெயரால் கொடுக்காமல் எண்ணால் கொடுங்கள். பெயர் கொடுத்தால், அதன் இடத்தை அறிய டிரைவர் சர்வருக்கு இன்னொரு முறை போய் வரும்.