பாய்மரத்தில் விரிசல்: எப்படிச் சோதிப்பது, எப்படி ஒட்டுவது

மழை ஓய்ந்து, சம்பா அறுப்பும் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனிதான் பாய்மரத்தை இறக்கிப் பார்க்கத் தோதான நேரம். மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். நாகப்பட்டினம் தொடங்கி அதிராம்பட்டினம் வரை, சின்னப் படகில் மரத்தாலான பாய்மரம் வைத்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் ஓடும் விரிசலைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் மரம் காய்ந்து விட்ட வெடிப்பு. பலம் அதிகம் குறையாது. மரத்தை முறிப்பவை வேறு இரண்டு: குறுக்கே ஓடும் மயிரிழைக் கோடு, அடிமரத்தில் ஒளிந்திருக்கும் சொத்தை.

1. இறக்குதல்

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் குறுக்கே மின்கம்பி போகிற இடங்கள் உண்டு. அங்கே மரத்தை ஏற்றவோ இறக்கவோ கூடாது. அலுமினிய மரமாக இருந்தால் கிட்டவே போகாதீர்கள். பாயையும் அது கட்டியிருக்கும் பருமல் கழியையும் கழற்றி, பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றை உருவிவிட்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இறக்குங்கள். இரண்டு முக்காலி மேல் கிடத்தி, நல்ல தண்ணீரில் உப்பும் அழுக்கும் போகக் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

2. சோதித்தல்

அடிமரத்திலிருந்து ஆரம்பியுங்கள். கடல் தண்ணீரை விட மழைத் தண்ணீர்தான் மரத்தை வேகமாக மக்கவைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை மரத்தோடு வழிந்து, அது ஊன்றியிருக்கும் குழியில் போய்த் தேங்கும். அடுத்து, மரம் நுழைகிற குறுக்குப் பலகைத் துளை. அதற்கப்புறம் போல்ட், இரும்பு வளையம் இருக்கிற இடங்கள்.

சாக்குத் தைக்கிற கோணி ஊசி ஒன்று போதும். சந்தேகமான இடத்தில் சாய்வாகக் குத்தி, மெல்ல நெம்புங்கள். நல்ல மரமானால் நீளமான சிம்பு 'சடக்' என்று எழும், ஒரு முனை மரத்தோடு ஒட்டியே இருக்கும். மக்கிய மரமானால் சத்தமே வராது. ஊசிக்கு நேர் மேலே துண்டு துண்டாக உடைந்து வரும். ஊசி தடையில்லாமல் இறங்கினால் எதுவரை இறங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டே மேலே போங்கள்.

குறுக்குக் கோடு எளிதில் கண்ணுக்குப் படாது. பழைய வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக ஈரம் பிடித்து நின்றால், அங்கே நார் நசுங்கியோ அறுந்தோ இருக்கிறது. குறுக்குப் பலகையை ஒட்டிய இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மரம் வளையும்போது முழுப் பாரமும் அங்கேதான் இறங்கும்.

3. என்ன செய்வது என்று முடிவெடுத்தல்

சவுக்கு, மூங்கில் என்றால் ஒட்டு வேலையில் இறங்க வேண்டாம், வேறு கழி வாங்குங்கள். நம் கடலோரத்தில் சவுக்குத் தோப்புக்குப் பஞ்சமில்லை. தேக்கு மாதிரி விலை கூடிய மரத்துக்குத்தான் ஒட்டு.

நீள வெடிப்பை எப்பாக்ஸியால் (இரண்டு திரவத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பசை) நிரப்பாதீர்கள். மழையில் மரம் ஊதும்போது, உள்ளே இறுகிய எப்பாக்ஸி ஆப்பு வைத்ததுபோல நின்று வெடிப்பை மேலும் பிளக்கும். மெழுகை ஆளிவிதை எண்ணெயில் உருக்கி அடைத்தால் போதும். அடிமரத்தில் நாலு விரற்கடை மட்டும் சொத்தை என்றால் அதை அறுத்துவிட்டு, குழிக்குள் அதே உயரத்துக்குக் கெட்டியான மரக்கட்டை கொடுங்கள். அதற்கு மேல் போனாலும், குறுக்குக் கோடு இருந்தாலும், கெட்ட பகுதியை முழுசாக வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் சேர்க்க வேண்டும்.

4. சாய்வு ஒட்டு

பழைய மரத்தின் முனையையும் புது மரத்தின் முனையையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி ஒட்டுவதுதான் சாய்வு ஒட்டு. இந்த இடத்தில் அவசரம் கூடாது. சாய்வின் நீளம் மரத்தின் கனத்தைப் போல 12 மடங்கு. 3 அங்குல மரத்துக்கு 3 அடி. வீணாகிறதே என்று குறைக்காதீர்கள்; குட்டைச் சாய்வு காற்றில் பிரிந்துவிடும். பழையதையும் புதியதையும் ஒன்றாக வைத்து இழைத்தால் இரண்டு சாய்வும் ஒத்துப்போகும். பொருத்திப் பார்த்து, வெளிச்சம் ஊடுருவாத வரை இழைப்புளி போடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, டப்பாவில் சொன்ன விகிதத்தில் எப்பாக்ஸியையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் அளந்து கலக்குங்கள். நம்மூர் வெயிலில் கலவை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, சாயங்காலமாகக் கலக்குங்கள். காலையில் பூசினால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, பசையில் குமிழி விடும். முதலில் இரு பக்கமும் வெறும் கலவையைப் பூசி மரம் குடிக்கவிடுங்கள். பிறகு நைசான மரத்தூள் சேர்த்துக் கெட்டியாக்கி மறுபடி பூசுங்கள்.

சாய்வு வழுக்காமல் இருக்க இரு முனையிலும் மெல்லிய ஆணி ஒன்று அடியுங்கள். ஒட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் பட்டையாக வெட்டிய பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றுங்கள். பசை ஓரத்தில் பிதுங்கினால் போதும். ரொம்ப இறுக்கினால் அத்தனையும் வெளியே வந்து ஒட்டு வறண்டுபோகும்.

ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். கடலோர ஈரக் காற்றில் எப்பாக்ஸி மேல் பிசுக்கு படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாள். வெயில் எப்பாக்ஸியை அரிக்கும் என்பதால் மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் வார்னிஷ் நாலைந்து கோட் அவசியம். அறுத்த அடிமுனைதான் தண்ணீரை உறிஞ்சும், அங்கே கூடுதலாகப் பூசுங்கள். மரம் ஊன்றும் குழிக்கட்டையில் தண்ணீர் வடிய ஒரு காடியும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அதே சொத்தை திரும்ப வரும்.

5. கடலில் முறிந்தால்

பாயை உடனே இறக்கிவிடுங்கள். முறிவைச் சுற்றி மூங்கில் சிம்போ துடுப்போ வைத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு நனைந்தால் தளரும், பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும். பாதிப் பாயில் கரை சேரலாம்.

6. ஏற்றிய பிறகு

ஒட்டி ஒரு வாரம் கழித்து மரத்தை ஏற்றுங்கள். முதல் ஓட்டம் காற்று மெலிந்த நேரத்தில், கரையோரமாக, பாதிப் பாயோடு. திரும்பி வந்ததும் ஒட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். வார்னிஷில் புதிதாகக் கோடு விழுந்திருந்தால் ஒட்டு அசைகிறது என்று அர்த்தம். மறுபடி இறக்கி, அறுத்து, புதிதாகச் சாய்வு போட்டே ஆக வேண்டும்.