காசா கிண்ணமா: ஒப்பந்தத்தில் விடும் தவறுகள்

பெரிய வீரர் ஒருவர் கூடுதல் தொகைக்கு அணி மாறிய செய்தி வந்தால், மட்டக்களப்புத் தேநீர்க்கடையில் கோப்பை ஆறுவதற்குள் இரண்டு தீர்ப்பு விழுந்துவிடும். ஒன்று, "காசுக்குப் போயிட்டான்". மற்றது, "மறுகா கிண்ணத்த வெச்சி என்னகா செய்யிற?" கிரிக்கெட், உதைபந்து, அமெரிக்கக் குருமார் இங்கே ஊன்றிவிட்டுப் போன கூடைப்பந்து என்று எதைப் பற்றிக் கதைத்தாலும் இதே இரண்டுதான். இரண்டு கட்சியும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. வீரர் விட்டுக்கொடுக்கும் தொகை யாருடைய பைக்குள் போகிறது?

குறைத்தால் கிண்ணம் வரும் என்று நம்புவது

அந்தக் கேள்விக்கு விடை வீரரின் மனசில் இல்லை, லீக்கின் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தான என்.எஃப்.எல்.லில் ஒவ்வோர் அணிக்கும் சம்பளத்துக்குக் கடுமையான உச்சவரம்பு உண்டு. அங்கே முதன்மை வீரர் 5 மில்லியன் டொலரைக் குறைத்தால், அதே தொகைக்கு அணி இன்னொரு தடுப்பு வீரரை எடுக்கலாம். டொம் பிராடி நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் பல தடவை சந்தை விலைக்குக் கீழேதான் கையொப்பமிட்டார். அந்த அணியோடு 6 தடவை சுப்பர் போல் என்ற சம்பியன் கிண்ணத்தை வென்றார். அவரை உதாரணம் காட்டுபவர்கள் அவர் வீட்டு நிலவரத்தைச் சொல்வதில்லை. 2009இல் அவர் மணந்த ஜிசெல் புண்ட்சன், அந்த வருடங்களில் உலகிலேயே அதிகம் சம்பாதித்த மொடல். அப்படியொரு வீட்டில் இருந்துகொண்டு தியாகம் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை.

என்.பி.ஏ. கூடைப்பந்தில் வரம்பு நெகிழ்வானது. ஆனாலும் குறைத்த தொகை பெரும்பாலும் இன்னொரு வீரருக்கு இடமாக மாறும். இடம் கிடைப்பது ஒன்று, அதை நிர்வாகம் யாரை வைத்து நிரப்புகிறது என்பது வேறொன்று. 2014இல் டேர்க் நோவிட்ஸ்கி வேறு அணிகள் தர நின்ற உச்சச் சம்பளத்தைத் தள்ளிவிட்டு, டலஸ் அணியிலேயே 3 வருடத்துக்கு 25 மில்லியன் டொலருக்குத் தங்கினார். மிஞ்சிய இடத்தில் டலஸ் சான்ட்லர் பார்சன்ஸை 3 வருடத்துக்கு 46 மில்லியனுக்கு எடுத்தது. பார்சன்ஸின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2011இல் சம்பியனான டலஸ், அதன்பின் பருவ இறுதியின் நொக்அவுட் சுற்றான பிளேஓஃபில் ஒரு தொடரை வெல்ல 2022 வரை காத்திருந்தது. நோவிட்ஸ்கி 2019லேயே ஓய்வுபெற்றுவிட்டார்.

இதோடு 2010இன் மியாமியை ஒப்பிடுங்கள். லெப்ரோன் ஜேம்ஸ், ட்வேன் வேட், கிறிஸ் பொஷ் மூவரும் ஒரே நேரத்தில் உச்சத் தொகைக்குக் கீழே கையொப்பமிட்டார்கள். யாருக்காகக் குறைக்கிறோம் என்பது பேனா பிடித்த அன்றே தெரிந்திருந்தது. 2012, 2013 இரண்டு வருடமும் கிண்ணம் வந்தது. ஆகவே தொகையைக் குறைக்குமுன் கேட்க வேண்டியது "அணி வெல்லுமா?" அல்ல. "இந்த இடத்தில் யாரை எடுக்கப்போகிறீர்கள், அவர் சம்மதித்துவிட்டாரா?" என்பதே. பெயர் சொல்லாமல் "நல்ல திட்டம் இருக்கு" என்று மட்டும் பதில் வந்தால் அது திட்டமல்ல.

ஐரோப்பிய உதைபந்தில் நிலைமை வேறு. பெரும்பாலான லீக்குகளில் அமெரிக்கா போல ஒரே உச்சவரம்பு கிடையாது. அங்கே நட்சத்திரம் சம்பளத்தைக் குறைத்தால் அது புதிய வீரராக மாறும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தாது. கடனுக்கும் போகலாம், உரிமையாளர் கணக்கிலும் தங்கலாம். ஸ்பெயின் விதிவிலக்கு. அங்கே ஒவ்வொரு கழகத்தின் வருமானத்தைப் பார்த்து லீக்கே செலவு வரம்பு வைக்கும். 2021இல் மெஸ்ஸி பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தும் பார்சிலோனாவால் அவரைப் பதிவுசெய்ய முடியவில்லை. கழகம் ஏற்கெனவே அவ்வளவு ஆழத்தில் கிடந்தது. அந்தப் பள்ளத்தை வீரரின் பெருந்தன்மையால் நிரப்ப முடியாது.

நம் பக்கம் எல்லோரும் பார்க்கும் ஐ.பி.எல்.லுக்கு வருவோம். 2022இல் பெங்களூர் அணி விராத் கோஹ்லியை 15 கோடி இந்திய ரூபாய்க்குத் தக்கவைத்தது. மூன்று பேரைத் தக்கவைக்கும் அணியில் முதலாமவருக்கு அன்று விதித்திருந்த தொகையும் அதுதான். அந்த மூன்று பருவத்திலும் கிண்ணம் இல்லை. 2025க்கு அவருடைய தொகை 21 கோடியாக ஏறியது, அந்த வருடம்தான் பெங்களூர் முதன்முறை வென்றது. கூடக் கொடுத்ததால் வென்றார்கள் என்பதல்ல கதை. அணிகளின் மொத்தச் செலவு வரம்பே 2022இல் 90 கோடியாக இருந்து 2025இல் 120 கோடியானது. ஒருவரின் தொகையை மட்டும் பிடுங்கி எடுத்து வாதாடினால் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி கிடைக்கும்.

அந்த இறுதிப்போட்டியில் தோற்ற பஞ்சாபின் தலைவர் ஸ்ரேயாஸ் ஐயர். முந்தைய வருடம் கொல்கத்தாவைச் சம்பியனாக்கியவர், ஏலத்தில் 26.75 கோடிக்குப் பஞ்சாபுக்குப் போனார். பெரிய தொகை வாங்கியவன் வெல்லமாட்டான் என்பதற்கும் அவர் சாட்சி இல்லை. தோல்வி 6 ஓட்டத்தால்தான்.

தலைப்புச் செய்தித் தொகையைச் சம்பளம் என்று எண்ணுவது

2025 டிசெம்பர் ஏலத்தில் கமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. அவர் கைக்கு அவ்வளவும் போகாது. பெரிய ஏலங்களுக்கு இடைப்பட்ட வருடங்களில் நடக்கும் சிறு ஏலத்தில் வெளிநாட்டு வீரருக்கு உச்சம் 18 கோடி என்று விதி, மிச்சம் 7.20 கோடி இந்தியக் கிரிக்கெட் சபையின் வீரர் நலனுக்குப் போகும். அதே ஏலத்தில் அதே அணி மதீஷ பத்திரனவை 18 கோடிக்கு எடுத்தது. செய்தியில் பார்த்தால் இருவருக்கும் 7 கோடி வித்தியாசம், ஒப்பந்தத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. அதன்மேல் வெளிநாட்டு வீரருக்கு இந்தியாவில் 20 வீத வரி, அதற்கு மேலதிக வரிகள் என்று கழியும்.

என்.எஃப்.எல்.லில் இன்னும் மோசம். அங்கே மொத்தத் தொகை வேறு, உறுதிசெய்த தொகை வேறு. கொலின் கெப்பர்னிக் 2014இல் 126 மில்லியன் டொலர் வரை பெறக்கூடிய 6 வருட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார் என்று செய்தி வந்தது. 3 பருவத்தோடு அது முடிந்தது, கைக்கு வந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எந்த ஒப்பந்தத்திலும் முதலில் தேட வேண்டிய வரி, காயம் பட்டாலோ அணி நீக்கினாலோ எவ்வளவு நிச்சயம் என்பதுதான். அதற்குப் பிறகு வரி, பிறகு முகவரின் பங்கு. அமெரிக்காவில் மாநில வரியும் சேரும். புளோரிடாவிலும் டெக்ஸாஸிலும் தனிநபர் மாநில வருமான வரி இல்லை, கலிபோர்னியாவில் உச்ச வீதம் 13ஐத் தாண்டும்.

பேஸ்போல் வீரர் ஷோஹெய் ஒதானியின் 700 மில்லியன் டொலரைப் பாருங்கள். 2024 முதல் 10 வருடம் அவருடைய அணி டொஜர்ஸ் அவருக்கு வருடம் 2 மில்லியன்தான் கொடுக்கும். மிச்சம் 680 மில்லியனும் 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். இன்றைய பெறுமதியில் வருடத்துக்கு 46 மில்லியன் அளவு என்றுதான் லீக் அதைக் கணக்கிலெடுக்கிறது. விளம்பர வருமானம் கொட்டுவதால் அவரால் அப்படிப் பொறுத்திருக்க முடிகிறது. அணிக்கோ உடனடியாகக் கைப்பணம் மிஞ்சியது. 2024, 2025 இரண்டு வருடமும் டொஜர்ஸ் சம்பியன்.

வெல்லும் ஆசையை எழுதாமல் விடுவது

ஒதானியின் ஒப்பந்தத்தில் தொகையைவிடக் கவனிக்க வேண்டியது ஒரு சிறு நிபந்தனை. அணியின் உரிமையாளரோ விளையாட்டுத் தலைவரோ பதவியை விட்டுப் போனால் அவரும் விலகலாம். அணியை வெல்லவைப்பவர்கள் யார் என்று பார்த்து அவர்கள் பெயரிலேயே பூட்டுப் போட்டார். உதைபந்து வீரர் ஹரி கேன் செய்தது இதற்கு எதிர்மாறு. 2018இல் டொட்டன்ஹாமுடன் 6 வருடம் கையொப்பமிட்டார், நிர்ணயித்த விலையில் விலகும் சரத்து இல்லை. 2021இல் போக விரும்பியபோது கழகம் விடவில்லை. 2023இல் பயர்ன் மூனிச்சுக்குப் போய், 2025இல் முதல் பெரிய கிண்ணத்தைத் தூக்கும்போது வயது 31. நீண்ட ஒப்பந்தம் பாதுகாப்புத்தான். ஆனால் விலகும் கதவு இல்லாத நீண்ட ஒப்பந்தத்தில் காசும் கிண்ணமும் கழகத்தின் விருப்பத்துக்குப் போய்விடும்.

அதனால்தான் கேட்கச் சொல்வது: எத்தனை வருடம், எந்த வருடத்தில் வீரர் தானே விலகலாம், அணி தரமிறங்கினால் என்ன, தலைமைப் பயிற்றுநர் மாறினால் என்ன. என்.பி.ஏ.யின் ஜேலன் பிரன்சன் 2024இல் நிக்ஸ் அணியுடன் 4 வருடத்துக்கு 156.5 மில்லியனுக்குச் சம்மதித்தார். ஒரு வருடம் காத்திருந்தால் 5 வருடத்துக்கு 269 மில்லியன் கேட்டிருக்கலாம். 113 மில்லியனைத் தூக்கி எறிந்தார் என்று எழுதினார்கள். 4 வருடத்தையும் 5 வருடத்தையும் ஒப்பிடுவதே முதல் பிழை. கடைசி வருடம் அவர் விருப்பப்படி விலகலாம் என்பதை விட்டது இரண்டாவது பிழை. அவர் விட்டது உண்மையிலேயே பெரிய தொகைதான், ஆனால் முன்னதாகவே புதிய ஒப்பந்தம் கேட்கும் வழியை வைத்துக்கொண்டுதான் விட்டார்.

இன்னும் கூடக் கிடைக்கும் என்று இருப்பது

கூடைப்பந்து வீரர் டெனிஸ் ஷ்ரோடர் 2021இல் லேக்கர்ஸ் அணி தர முன்வந்ததாகச் செய்திகள் சொன்ன 84 மில்லியனை ஏற்கவில்லை. பிறகு பொஸ்டனில் ஒரு வருடத்துக்கு 5.9 மில்லியன். ஐசேயா தோமஸ் 2016-17 பருவத்தில் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தவர். இடுப்புக் காயத்துக்குப் பின் 2018இல் 2 மில்லியன் அளவுக்குத்தான் கையொப்பமிட்டார். உள்ளதும் போச்சு. மறுபக்கம், பேஸ்போல் வீரர் ஹுவான் சோட்டோ 2022இல் 440 மில்லியனை மறுத்து 2024இல் 765 மில்லியன் வாங்கினார். மறுத்தபோது அவருக்கு 23 வயது, உடம்பில் பெரிய காயம் இல்லை. காத்திருப்பதா வேண்டாமா என்பதை வயதும் உடம்பும் தீர்மானிக்க வேண்டும், மானம் அல்ல.

நட்சத்திரத்தின் கணக்கை நம் பிள்ளைக்குப் போடுவது

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து முதல் ஒப்பந்தம் வாங்கும் பிள்ளைக்குக் குறைத்துக்கொள்ள எதுவும் இல்லை. "காசு முக்கியமில்லை, ஆடினால் போதும்" என்று பெற்றோர் கழகத்திடம் சொல்லிவிட்டு வருவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. மாதத் தொகையை மட்டும் ஒப்பிடுவது அடுத்தது.

ஒரு கணக்கு. மாலைதீவுக் கழகம் ஒன்று மாதம் 200,000 ரூபாய், 7 மாதத்துக்குத் தருகிறது என்று வைப்போம். மொத்தம் 14 இலட்சம். முகவருக்கு 10 வீதம் போனால் 12.6 இலட்சம். 12ஆல் வகுத்தால் மாதம் 105,000. இங்கே ஒரு நிறுவன அணி வேலையோடு சேர்த்து மாதம் 90,000 தருகிறது. அதன்மேல் தொழில்தருநர் போட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், அதாவது 10,800. நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், 2,700. கூட்டினால் 103,500. இரண்டு மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் 1,500 ரூபாயில் வந்து நிற்கிறது. இராணுவம், கடற்படை, பொலிஸ் அணிகள் என்றால் சேமலாப நிதிக்குப் பதிலாக ஓய்வூதியத்தை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே எத்தனை வருடச் சேவைக்குக் கட்டுப்படுகிறோம் என்பதையும் கேளுங்கள்.

கிரிக்கெட்டில் வெளிநாட்டு லீக்குக்கு இலங்கைச் சபையின் ஆட்சேபனையின்மைச் சான்றிதழ் வேண்டும். தேசிய அணியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டு லீக் ஆடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2022 ஜனவரியில் சபை கதவைப் பாதி சாத்தியது. 3 மாத முன்னறிவித்தல், ஓய்வுக்குப் பின் 6 மாதம் கழித்தே சான்றிதழ். ஐ.பி.எல். ஏலத்தில் அணியைத் தெரிவுசெய்யும் உரிமையும் வீரருக்கு இல்லை. எடுக்கப்பட்ட பின் காயமின்றி விலகினால் 2 பருவத் தடை. ஹரி புரூக் 2025இல் அதில் மாட்டினார். இதற்கு மாறாக 2024இல் வனிந்து ஹசரங்க குதிக்கால் காயத்தால் விலகியபோதுதான் யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு ஹைதராபாத்தில் இடம் கிடைத்தது.

உதைபந்தில் ஃபீஃபா விதிகள் வீரர் பக்கம் சாய்ந்தவை, ஆனால் நம்மவர் பயன்படுத்துவது குறைவு. 18 வயதுக்குக் கீழே 3 வருடத்துக்கு மேல் ஒப்பந்தம் எழுத முடியாது. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் விலகலாம். தொலைபேசியில் கேட்டது அறிவித்தல் ஆகாது. திகதியுள்ள மின்னஞ்சல் வேண்டும், நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

பிள்ளையை வளர்த்த ஊர்க் கழகமும் ஒரு பிழை விடுகிறது: 12 வயதிலிருந்து பதிவு வைக்காமல் இருப்பது. வீரர் ஒருவர் ஒப்பந்தம் முடியுமுன் வேறொரு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால், அந்த விலையில் 5 வீதம் 12 முதல் 23 வயதுவரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு 0.25 வீதம், 16 முதல் 23 வரை 0.5 வீதம். விலை 100,000 யூரோ என்றால், 12 முதல் 18 வயது முடிய வைத்திருந்த ஏறாவூர்க் கழகத்துக்கு 2,500 யூரோ. சம்மேளனப் பதிவில் பெயர் இல்லாவிட்டால் அந்தத் தொகையைக் கேட்கவே அதற்கு வழியில்லை.