அமெரிக்கத் தேர்தல் கோபம் ஆறாத சொந்தக்காரரிடம் பேசுவது எப்படி?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தேர்தல் வந்தால் வாக்குச்சாவடியில் வேலை பார்க்கிறவள் நான். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்குத் தேர்தல் கோபம் இன்னும் ஆறவில்லை. குடியரசுக் கட்சிக்காரரான சித்தப்பாவுக்கு 2020-ல் ட்ரம்ப் பைடனிடம் தோற்ற கோபம், ஜனநாயகக் கட்சிக்காரியான அக்காவுக்கு 2000-ல் கோர் புஷ்ஷிடம் தோற்ற கோபம். இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துச் சோறு போடுகிற பொறுப்பு என் தலையில். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் எது எடுபடும், எது எடுபடாது என்று சொல்கிறேன். யாரையும் கட்சி மாற வைக்கிற வித்தை இதில் இல்லை. அவர் யாருக்குப் போட்டால் என்ன, எண்ணிக்கையை நம்பினால் போதும்.

முதல் வேலை, அவர் எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் இதே கோபம் ஒரு காலத்தில் இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துவைத்திருப்பது. 2000-ஐ ஒழுங்காகப் படித்துவிட்டுப் போங்கள். ஃபுளோரிடா மாநிலத்தில் ஜெயிப்பவர்தான் அதிபர் என்ற நிலை. அங்கே ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகள் விழுந்தன, கோரைவிட புஷ்ஷுக்குக் கூடுதல் வெறும் 537. முடிவுக்குச் சான்று கொடுத்த மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், புஷ்ஷின் ஃபுளோரிடா பிரசாரத்துக்கு இணைத் தலைவர். ஆளுநரோ புஷ்ஷின் சொந்தத் தம்பி. பாம் பீச் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வாக்குச் சீட்டில் வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமும் போட்டு, துளைகளை நடுவில் வைத்திருந்தார்கள். கோருக்குப் போட நினைத்த பலருடைய ஓட்டு இன்னொரு வேட்பாளரான பியூக்கானனுக்குப் போனது. அதில் பெரும்பாலானவை தனக்கு விழுந்திருக்காது என்று பியூக்கானனே சொன்னார். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நீதிபதிகள் 5-க்கு 4 எனப் பிரிந்திருந்தார்கள். மறுநாள் கோர் தோல்வியை ஏற்றுக்கொண்டார். அடுத்த மாதம் துணை அதிபர் என்ற முறையில், தன் தோல்வியைத் தானே நாடாளுமன்றத்தில் அறிவிக்கவும் வேண்டியிருந்தது.

பிற்பாடு செய்தி நிறுவனங்கள் சேர்ந்து அந்த வாக்குச் சீட்டுகளை ஆராய்ந்தன. கோர் கேட்ட கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான் ஜெயித்திருப்பார், மாநிலம் முழுக்க எல்லாச் சீட்டையும் எண்ணியிருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருக்கலாம் என்று தெரிந்தது. அக்கா இதில் பின்பாதியை மட்டும்தான் சொல்வாள். தோற்றவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்பதால் அவளை நான் தனியாகக் குறை சொல்வதில்லை.

இதை நீங்களாகவே முதலில் சொல்லிவிட்டால், சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு 'இவள் நம்மைக் கிறுக்கன் என்று நினைக்கவில்லை' என்று படும். பேச்சு நகர்வது அதற்கப்புறம்தான்.

அடுத்தது, "ஆதாரம் காட்டுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். இரண்டு மணி நேர வீடியோ ஒன்று உங்கள் போனுக்கு வந்து சேரும். பதிலாக, "எந்தக் கவுண்டி?" என்று கேளுங்கள். இந்தியாவில்போல ஒரே தேர்தல் ஆணையம் தேர்தலை நடத்துகிற நாடு இல்லை இது. ஆயிரக்கணக்கான கவுண்டிகளும் ஊர்களும் தனித்தனியாக நடத்துகின்றன. மோசடி நடந்தது என்றால் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில்தான் நடந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இப்படிப் போனது:

"ராத்திரி படுக்கப் போறப்போ ட்ரம்ப் முன்னால இருந்தார். எழுந்து பாத்தா ஆள் பின்னால போயிட்டிருக்கார். என்னம்மா மாயம் இது?"

"எந்த மாநிலம் சித்தப்பா?"

"பென்சில்வேனியா. விஸ்கான்சினும்தான்."

அந்த இரண்டு மாநிலங்களிலும் தபால் ஓட்டு உறையைத் தேர்தல் நாளுக்கு முன்னால் பிரிக்கவே சட்டம் இடம் தராது. அதனால் அவற்றின் எண்ணிக்கை நேரில் போட்டதற்குப் பின்னால்தான் வரும். அந்த ஆண்டு ட்ரம்ப் தபால் ஓட்டைத் திட்டிக்கொண்டே இருந்தார், அவர் ஆட்கள் நேரில் வந்து போட்டார்கள். தபாலில் வந்தது பெரும்பாலும் பைடனுக்கு. சித்தப்பா கண்ணால் பார்த்தது பொய்யில்லை, அதன் காரணம்தான் வேறு. இதை இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். "நீங்க பார்த்தது சரிதான்" என்பது முதலில் வர வேண்டும்.

"எல்லாம் கச்சிதமாக நடந்தது" என்று மட்டும் ஒருபோதும் சொல்லிவிடாதீர்கள். நடக்கவில்லை. மிச்சிகனின் அன்ட்ரிம் கவுண்டியில் முதல் முடிவு பைடன் ஜெயித்ததாகக் காட்டியது. அது குடியரசுக் கட்சியின் கோட்டை, அந்தக் கவுண்டியின் தேர்தல் அதிகாரியும் அதே கட்சி. இயந்திரத்தை அமைத்ததில் நேர்ந்த மனிதத் தவறு அது என்று கண்டுபிடித்துத் திருத்தினார்கள், பிறகு கையால் எண்ணியும் சரிபார்த்தார்கள். எங்கள் ஜார்ஜியாவில் ஃபிளாய்ட் கவுண்டியில் ஏறக்குறைய 2,600 சீட்டுகள் ஸ்கேன் ஆகாமலே கிடந்தன. கையால் எண்ணும்போது அகப்பட்டன, அதில் ட்ரம்ப்புக்குத்தான் கூடுதல் வாக்கு. இந்தத் தவறுகளை நாமே சொல்வதால் நமக்கு நஷ்டம் இல்லை. தவறு எப்படிப் பிடிபடுகிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அதே கையோடு ஜார்ஜியாவின் மூன்று எண்ணிக்கையையும் சொல்லிவிடுங்கள். முதலில் இயந்திரம், அடுத்து சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் ஜோடி ஜோடியாக ஆட்கள் உட்கார்ந்து கையால் பிரித்து எண்ணியது, மூன்றாவதாக மறுபடி இயந்திரம். மூன்றிலும் பைடன்தான். கடைசி வித்தியாசம் 11,779. செத்தவர்கள் பெயரில் சுமார் 5,000 ஓட்டு என்று ட்ரம்ப் சொன்னார். மாநிலம் விசாரித்ததில் அகப்பட்டவை 4.

யார் வாயால் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சித்தப்பாவிடம் நான் ஜனநாயகக் கட்சிக்காரர் யாரையும் மேற்கோள் காட்டுவதே இல்லை. ட்ரம்ப் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பில் பார், முடிவை மாற்றுகிற அளவுக்கு மோசடியை நாங்கள் பார்க்கவில்லை என்று 2020 டிசம்பர் 1 அன்று சொன்னார். எங்கள் மாநிலச் செயலர் ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர். 11,780 ஓட்டைக் கண்டுபிடி என்று அதிபரே தொலைபேசியில் கேட்டும் அவர் அசையவில்லை. அரிசோனாவில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஏற்பாடு செய்த மாரிகோபா கவுண்டி வாக்குச் சீட்டு ஆய்வில், பைடனுக்கு 99 ஓட்டு கூடியது, ட்ரம்ப்புக்கு 261 குறைந்தது. மாரிகோபாவைக் கேட்டதும் சித்தப்பா சிரித்துவிட்டார். வேறு எதற்கும் சிரிக்கவில்லை.

அக்காவிடம் பேசும்போது இதையே திருப்பிப் போட வேண்டும். 2024 நவம்பரில் ட்ரம்ப் ஜெயித்ததும், "நம்ம ஓட்டு 2 கோடி காணோம்" என்று ஒரு செய்தியை அவள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். கலிஃபோர்னியா இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. அங்கே அது வாரக்கணக்கில் இழுக்கும். குழுவில் பதில் எழுதாமல் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். நாலு பேர் பார்க்க யாரும் மனம் மாறுவதில்லை, சித்தப்பா அந்தக் குழுவில் இருக்கிறபோது அக்கா மாறவே மாட்டாள்.

இதெல்லாம் வாய்ப்பேச்சு. கையோடு கூட்டிப்போய்க் காட்டுவது இதைவிட நல்லது. ஜார்ஜியாவில் தேர்தலுக்கு முன்னால் இயந்திரங்களைச் சோதித்துப் பார்ப்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். தேர்தல் நாள் இரவு 7 மணிக்குக் கதவைச் சாத்தியதும், எங்கள் ஸ்கேனரிலிருந்து கடை ரசீது போல நீளமான தாள் வரும், மூன்று பிரதி. மேலாளரும் இரண்டு உதவியாளர்களும் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட வேண்டும். அந்நேரத்துக்குக் கால் கெஞ்சும், ஆனாலும் வந்தவர் எண்ணிக்கையும் ஸ்கேனர் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு பிரதியைக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்புவோம். சந்தேகம் உள்ளவர் மறுநாள் வந்து அந்தத் தாளைப் படித்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. இதைத் தேர்தலுக்கு முன்னால் செய்ய வேண்டும், முடிவு வந்தபிறகு பயனில்லை. "என்ன நடந்தால் தோற்றுவிட்டோம் என்று ஒத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டு, பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அக்கா, "எல்லாச் சீட்டையும் எண்ணட்டும், நடுவில் கோர்ட்டு நிறுத்தக் கூடாது" என்றாள். சித்தப்பா, "காகிதச் சீட்டு இருக்கணும், கையால எண்ணணும், என் கட்சி ஆள் பக்கத்துல நிக்கணும்" என்றார். 2020-ல் ஜார்ஜியாவில் அந்த மூன்றும் இருந்தன என்று சொன்னேன். "பக்கத்துல நின்னது நான் இல்லையேம்மா" என்றார்.

சரி, நில்லுங்கள் என்று சொல்லி, அவர் கட்சியின் கவுண்டி அலுவலகத்தில் வாக்குச்சாவடிப் பார்வையாளராகப் பெயர் கொடுக்கச் சொன்னேன். கொடுத்திருக்கிறார். வாக்காளரிடம் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பது விதி. படம் எடுக்காமல் இருப்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை, நாள் முழுக்கப் பேசாமல் இருப்பதைப் பற்றித்தான் சித்தி கவலைப்படுகிறார்.